காந்தம் ஒட்டாத கார்

என்னை யாரும் சுலபத்தில் ஏமாற்ற முடியாது என்று நாற்பத்தாறு வயது வரை பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான். பெட்ரோல் பங்கில் மீட்டர் சைபரில் நிற்பதைக் கண்ணால் பார்க்காமல் டேங்க் மூடியைத் திறக்கமாட்டேன். இளநீர் சீவிக் கொடுத்தால் குலுக்கிப் பார்ப்பேன். சீவிய இளநீரைக் குலுக்கினால் சட்டைதான் நனையும், ஆனாலும் குலுக்குவேன். "ஏங்க, கடைசியில உங்க வாயில ஊத்தற பால்லயும் தண்ணி கலந்திருக்கான்னு கண்ணத் தொறந்து கேப்பீங்க" என்பாள் என் மனைவி. கலந்திருந்தால் கேட்கத்தானே வேண்டும்?

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டி, புது வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கும் பக்கத்தில் எங்கள் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. எங்கள் என்றால் எனக்கும் என் கூட்டாளிக்கும். இஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் நான். அடிபட்ட வண்டியின் தகரத்தைத் தட்டி நிமிர்த்துவது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் அவன். அவன் குடும்பம் டவுனில் டிரங்குப் பெட்டி செய்துவந்த முஸ்லிம் குடும்பம். தகரம் அவன் கை சொன்னபடி கேட்கும். என்னைவிட ஆறு வயது சின்னவன். அவன் என்னை மாமா என்பான், நான் அவனை மாப்ள என்பேன். பன்னிரண்டு வருஷமாக ஒரே ஷெட்டில் வேலை செய்தோம், எங்களுக்குள் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. பெருநாளைக்கு அவன் வீட்டிலிருந்து வரும் பிரியாணியை மட்டும்தான் நான் கிளறிப் பார்க்காமல் சாப்பிடுவேன்.

எங்கள் ஷெட்டுக்கு மூன்று பக்கம்தான் சுவர். முன்பக்கம் ரோடு. வீடு கட்டுகிறவர்களுக்கு மணலும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க டிப்பர் லாரிகள் போகும். அவன் ஒரு கதவுக்குப் பெயிண்ட் அடித்து முடிப்பான், ஒரு லாரி போகும், ஈரப் பெயிண்டின்மேல் புழுதி உட்காரும். தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடிப்பான். ஒரு வெள்ளைக் காரின் ஒரே கதவை மூன்று தடவை அடித்ததை நான் பார்த்திருக்கிறேன். மூக்குக்குமேல் கைக்குட்டை கட்டிக்கொண்டுதான் அடிப்பான். அந்தக் கைக்குட்டை எதைத் தடுக்கும்? இரண்டு வருஷமாக அவனுக்கு இருமல். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி இப்படித் திறந்த இடத்தில் புகையைக் குடித்துக்கொண்டு அடித்தால் நெஞ்சு தாங்காது, ஒன்று காற்றை வெளியே இழுக்கும் மூடின அறை கட்டு, இல்லையென்றால் தொழிலை விடு என்று சொல்லிவிட்டார்.

அந்த அறைக்குப் பெயிண்ட் பூத் என்று பெயர். ஷெட்டுக்குப் பின்னால் காலி இடம் இருந்தது. இடத்துக்காரர் ஒரு நிபந்தனைதான் போட்டார். இருவரும் கூட்டாளிகள் என்று முறையாகப் பத்திரம் எழுதிக் கொண்டுவந்தால் நீண்ட குத்தகைக்குத் தருவேன் என்றார். என் கூட்டாளி மறுநாளே ஓடிப்போய்ப் பத்திரம் தயார் செய்தான். எழுதிக் கொடுத்தவர் விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம், ஒரு வரிகூடப் படிக்காமல், கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் கொடுத்தான். "மாமா, நீயும் போட்டுட்டா வேலய ஆரம்பிச்சிடலாம்" என்றான்.

நான் போடவில்லை. ஆடி மாசம் போகட்டும் என்றேன். அப்புறம், பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் ரோடெல்லாம் அடைத்துவிடுவார்கள், பதிவு ஆபீசுக்கு எப்படிப் போவது என்றேன். தீபம் முடியட்டும் என்றேன். மார்கழியில் யாராவது நல்ல காரியம் ஆரம்பிப்பார்களா என்று அவனையே திருப்பிக் கேட்டேன். எங்கள் ஊரில் ஒரு காரியத்தைத் தள்ளிப்போட வேண்டுமென்றால் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை, காலண்டரைத் திருப்பினால் போதும். அவன் ஒவ்வொரு தடவையும் "செரி மாமா" என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு போனான்.

நிஜக் காரணம் வேறு. படிக்காமல் ஒருத்தன் கையெழுத்துப் போடுகிறான் என்றால் எனக்கு எப்படித் தூக்கம் வரும்? இவ்வளவு அவசரமாகப் போடுகிறானே, உள்ளே ஏதாவது வைத்திருக்கிறானா என்று ஏழு பக்கத்தையும் பதினைந்து தடவை படித்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததுதான் என்னை அதிகமாக உறுத்தியது. பூத் வந்துவிட்டால் பெயிண்ட் வேலைக்கு வேலூரிலிருந்தெல்லாம் வண்டி வரும், பெரிய ஆள் ஆகிவிடுவான், அப்புறம் இந்த இஞ்சின்காரன் எதற்கு என்று நினைப்பான். இப்படியெல்லாம் எனக்குள் ஓடியது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் கார் செய்தி வந்தது. ஜப்பான் கம்பெனி ஒன்றும் ஜெர்மன் கம்பெனி ஒன்றும் கைகோத்து ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்திருக்கிறார்கள். இஞ்சின் ஜெர்மன்காரருடையது. வெளித்தோற்றமும் பெயரும் ஜப்பான்காரருடையது. எங்கள் மாவட்டத்துக் கார் பைத்தியங்கள் பத்துப் பதினோரு பேர் சேர்ந்து போனில் ஒரு குரூப் வைத்திருந்தோம். எங்களில் ஒருவரிடமும் ஸ்போர்ட்ஸ் கார் கிடையாது. ஒருவரும் அதில் உட்கார்ந்ததுகூடக் கிடையாது. கீழ்பென்னாத்தூர் வாத்தியாரிடம் ஒரு பழைய வேன், கலெக்டர் ஆபீஸில் வேலை செய்யும் கிளார்க்கிடம் தவணையில் வாங்கிய சின்னக் கார், என்னிடம் ஒரு மொபெட். ஆனாலும் எங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று எல்லோரும் கொதித்துப் போனோம்.

"இது பெத்த புள்ளயா, தத்தெடுத்த புள்ளயா, அத மொதல்ல சொல்லுங்க" என்று வாத்தியார் குரல் பதிவு அனுப்பினார். கிளார்க் படங்களைப் பெரிதாக்கி வட்டம் போட்டு வட்டம் போட்டு அனுப்பினார். ஸ்டீயரிங்கில் இருக்கும் பொத்தான் ஜெர்மன்காரருடையது. கியர் பிடி அவருடையது. ஏன், சாவியே அவருடையதுதான். "சாவியே அவன்து சார்! இன்னா மிச்சம் இருக்குது இவன்து? ஸ்டிக்கரா?" என்று கேட்டார். இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு குரூப்பை விட்டு வெளியேறி, மறுநாள் மன்னிப்புக் கேட்டு உள்ளே வந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் மகா சந்தேகக்காரன் நான்தான். தினம் காலையில் கடை திறப்பதற்குமுன் நாலு பக்கத்துக்கு எழுதுவேன். கூட்டு என்றாலே ஒருத்தன் உழைப்பான், ஒருத்தன் பெயர் வாங்குவான். ஏன் சேர்ந்தார்கள்? தனியாகச் செய்யத் திராணி இல்லை. ஏன் அதை ஒளிக்காமல் சொல்கிறார்கள்? எப்படியும் வெளியே தெரிந்துவிடும் என்ற பயம். அந்த வண்டியின் எடையிலிருந்து போல்ட் நட்டு வரைக்கும் தேடித் தேடிப் படித்து, குறை கண்டுபிடித்து எழுதினேன். வாத்தியார் கைதட்டும் பொம்மை பத்து அனுப்புவார். எனக்குத் தலைகால் புரியாது.

என் கூட்டாளி குரூப்பில் இல்லை. ஒருநாள் டீ குடிக்கும்போது அவனிடம் படத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பின்பக்கத்து வளைவை விரலால் தடவினான், போன் திரையிலேயே.

"எவன் தட்டினானோ, நல்லா தட்டிருக்கான் மாமா" என்றான்.

"அத வுடுடா. ஒருத்தன் இஞ்சினு, இன்னொருத்தன் பாடி. இது உருப்படுமா?"

அவன் சிரித்துவிட்டான். "இன்னா மாமா இப்படிக் கேக்கற? நம்ம ஷெட்ல பன்னெண்டு வருஷமா இன்னா நடக்குது?"

"நம்மளுது வேற."

"இன்னா வேற?"

டீ ஆறிப்போச்சு என்று டீக்கடைக்காரர்மேல் எரிந்து விழுந்தேன்.

இப்போது காந்தத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இதை நானாக யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட. காரில் டொக்கு விழுந்தால் தகரத்தைப் பின்னாலிருந்து தட்டித் தட்டி நிமிர்த்த வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும், நேரம் ஆகும். சோம்பேறி டிங்கர் என்ன செய்வான் என்றால், பாதி தட்டிவிட்டு மீதிப் பள்ளத்தில் பட்டியை அப்பி, தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்துவிடுவான். பட்டி என்பது மாவு மாதிரி ஒரு பசை. காய்ந்தால் கல்லாகும். பார்க்கப் பளபளவென்று இருக்கும், இரண்டு வருஷத்தில் விரிந்து உதிரும். பட்டி ஜாஸ்தியா கம்மியா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைத் துணியில் சுற்றி வண்டிமேல் வைத்தால், கீழே தகரம் இருந்தால் கவ்விப் பிடிக்கும். பட்டி கனமாக இருந்தால் வழுக்கி விழுந்துவிடும். செகண்ட்ஹாண்ட் வண்டி வாங்கும் தரகர்கள் பையில் இது எப்போதும் இருக்கும்.

என் பையிலும் இருந்தது. எட்டு வருஷமாக. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் தொழுகைக்குப் போனதும், அவன் முடித்து வைத்திருக்கும் வண்டிகளில் காந்தத்தை வைத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு வண்டியிலும், அடிபட்ட ஒவ்வொரு இடத்திலும். ஒரு தடவைகூட, சத்தியமாகச் சொல்கிறேன், ஒரே ஒரு தடவைகூட அது வழுக்கவில்லை. நல்ல மனுஷனாக இருந்தால் நாலைந்து வாரத்தில் அதைக் குப்பையில் வீசியிருப்பான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கில்லாடி, மாட்டாத மாதிரி செய்கிறான் என்று நினைத்தேன்.

பௌர்ணமிக்கு முந்தின ஒரு வெள்ளிக்கிழமை, குரூப்பில் யாரும் கனவிலும் எதிர்பாராத செய்தி வந்தது. அந்தக் கூட்டுக் கார் ஒன்று ஊருக்குள் வந்திருக்கிறது. பெங்களூர்க்காரர் ஒருவர், மாசாமாசம் கிரிவலம் வருபவர், செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்குவார். இந்தத் தடவை இந்தக் காரில் வந்திருக்கிறார். பெயிண்ட் பூசாத ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதில் முன்பம்பரின் அடிப்பக்கம் உராய்ந்து விட்டது. அறைக்காரர் எங்கள் கடையைக் கைகாட்டி விட்டிருக்கிறார். பதினொன்றரை மணிக்குத் தரையோடு தரையாக ஊர்ந்து வந்து எங்கள் ஷெட் வாசலில் நின்றது. சிவப்பு. பின்பக்கத்து வளைவு படத்தில் பார்த்ததைவிட நன்றாக இருந்தது, அதை நான் வெளியே சொல்லவில்லை.

என் கூட்டாளி குனிந்து பம்பரைப் பார்த்தான். "பிளாஸ்டிக்தான் சார். தொழுகைக்குப் போய்ட்டு வந்து பண்ணிக் குடுத்துடறேன். நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் போன அரைமணியில் குரூப்பே ஷெட்டில் இருந்தது. கிளார்க் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே கிளம்பி வந்துவிட்டார். வாத்தியார் கீழ்பென்னாத்தூரிலிருந்து பள்ளிக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வேனில் வந்தார். பேத்தி பிறந்தபோதுகூட அரைநாள் லீவு போடாத மனுஷன்.

சொந்தக்காரர் நல்லவர். ஐம்பது வயதிருக்கும், நெற்றி நிறைய விபூதி. கேட்டதும் பானெட்டைத் திறந்து காட்டினார். நான் தலையை உள்ளே விட்டேன். நினைத்தபடியே ஒவ்வொரு பாகத்திலும் ஜெர்மன்காரருடைய முத்திரைதான்.

"பாத்தீங்களா சார்? மேல ஒருத்தன் பேரு, உள்ள பூரா இன்னொருத்தன்து" என்றேன்.

"தெரியுங்க. தெரிஞ்சுதான் வாங்கினேன். ரெண்டு பேரும் நல்லாத்தான் செஞ்சிருக்காங்க. ஓட்டிப் பாத்தா தெரியும்" என்றார் அவர். கல்லூரியில் கூடப் படித்த சிநேகிதர் வைத்திருந்த வண்டியாம், அவரிடமிருந்து போன வருஷம் வாங்கினாராம்.

செகண்ட்ஹாண்ட்! அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு? கை தானாகப் பைக்குள் போனது. முன்சக்கரத்துக்கு மேலிருக்கும் தகரத்தில் வைத்தேன், கவ்விப் பிடித்தது. பானெட்டை மூடிவிட்டு அதன்மேல் வைத்தேன். வழுக்கிக்கொண்டு வந்து என் செருப்பின்மேல் விழுந்தது. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக விழுகிறது! இன்னொரு இடத்தில் வைத்தேன், விழுந்தது. இடது கதவு, விழுந்தது. வலது கதவு, அதுவும் விழுந்தது.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க" என்று ஆரம்பித்தேன். சொல்லும்போது எனக்குள் பொங்கிய சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது. "இது பெருசா அடிபட்ட வண்டி. பானெட்டும் ரெண்டு கதவும் பூரா பட்டி. உங்கள நல்லா ஏமாத்திட்டாங்க."

அந்த மனுஷர் எங்கள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "இல்லங்க, அவன் அப்படிப்பட்டவன் இல்ல" என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாம் தடவை சொல்லவில்லை. போனை எடுத்து அந்தச் சிநேகிதரை அழைத்தார். "முப்பது வருஷம்டா... ஒன்ன என் கூடப்பொறந்தவன்னு நெனச்சேன்டா" என்று கத்தினார். எதிர்முனையில் அவர் என்ன சொன்னாரோ, இவர் கேட்கவேயில்லை, வைத்துவிட்டார். வாத்தியார், "நான் அப்பவே சொன்னேன், கூட்டு வண்டின்னா இப்படித்தான்" என்றார். அடிபட்ட வண்டிக்கும் கூட்டு வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

அப்போதுதான் என் கூட்டாளி தொழுகை முடித்து வந்தான். தலையில் தொப்பியை எடுக்காமல் நேராக வண்டியிடம் வந்து, என்ன விஷயம் என்று கேட்டான். கிளார்க் சொன்னார். அவன் பானெட்டை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினான். கதவைத் தட்டினான். அப்புறம் முன்சக்கரத்துத் தகரத்தைத் தட்டினான்.

"மாமா," என்றான், "இது அலுமினியம்."

மறுபடி கதவைத் தட்டிக் காட்டினான்.

"எட கம்மியா இருக்கணும்னு பானெட்டும் கதவும் அலுமினியத்துல பண்ணிருக்காங்க. காந்தம் எப்படி ஒட்டும்? பட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. கம்பெனியில இருந்து வந்த மாதிரியே இருக்குது சார் உங்க வண்டி. ஒரு இடத்துலகூட எவனும் கை வெக்கல."

கிளார்க்குக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. போனை எடுத்து மேலே மேலே தள்ளிக்கொண்டு போய், நான் எழுதியதையே சத்தமாகப் படித்தார். எடையைக் குறைக்க பானெட்டையும் கதவையும் அலுமினியத்தில் செய்து ஏமாற்றுகிறார்கள் என்று நானே ஒரு காலையில் எழுதியிருக்கிறேன்! ஷெட்டே சிரித்தது. வாத்தியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேன்மேல் சாய்ந்துவிட்டார். "யோவ், காந்தம்! யோவ், காந்தம்!" என்று அன்றைக்கு வைத்த பெயர் குரூப்பில் இன்றைக்கும் எனக்கு இருக்கிறது.

சொந்தக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மறுபடி மறுபடி சிநேகிதருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். அவர் எடுக்கவில்லை. நான் அருகில் போய், "சார், மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க சொன்னீங்க. நான் ஏன் நம்பினேன்?" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

என் கூட்டாளியும் சிரிக்கவில்லை. கீழே கிடந்த காந்தத்தை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைச் சுற்றியிருந்த மஞ்சள் துணி, பெயிண்ட் அடித்து முடித்தபின் அவன் பாலிஷ் போடும் துணி. அவனுடைய மூட்டையிலிருந்துதான் நான் கிழித்திருந்தேன். எட்டு வருஷத்தில் தேய்ந்து நைந்து, அதில் பாலிஷ் படிந்து கறுத்திருந்தது.

எல்லோரும் போனபின், பம்பர் வேலை முடிந்து அந்த வண்டியும் போனபின், நாலு மணி வாக்கில் கேட்டான்.

"மாமா, நாம செகண்ட்ஸ் வண்டி வாங்கறதில்ல, விக்கறதில்ல. இது எதுக்கு ஒன் பையில?"

சும்மா இருந்தது என்றேன். போன வாரம் ஒருத்தர் விட்டுவிட்டுப் போனார் என்றேன். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவன் துணியைப் பிரித்து உள்பக்கத்தைப் பார்த்தான், மறுபடி சுற்றினான்.

"எத்தினி வருஷமா?"

நான் குனிந்து ஒரு ஸ்பானரைத் தேடினேன். அவன் காந்தத்தை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். கத்தியிருக்கலாம், சட்டையைப் பிடித்திருக்கலாம். அவன் ஒன்றும் செய்யாததால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து ஒரு புது வழக்கம் வந்தது. ஒரு டொக்கைத் தட்டி நிமிர்த்தியதும், பட்டி தொடுவதற்குமுன், "மாமா, வந்து பாத்துட்டுப் போ" என்று கூப்பிடுவான். நான் ஒரு கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பேன். "நீயே பாருடா" என்பேன். "இல்ல மாமா, வந்து பாரு." வருவேன். வெறும் தகரத்தைக் காட்டுவான். தடவிப் பார் என்பான். தடவுவேன். "செரியா இருக்குதா?" "இருக்குதுடா." அப்புறம்தான் மேலே வேலை. ஒருநாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. நக்கலாகக் கூப்பிட்டிருந்தால் நானும் கோபப்பட்டுச் சண்டை போட்டு முடித்திருப்பேன். மரியாதையாகக் கூப்பிட்டான். பூத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நடுநடுவே இருமினான். எனக்கு அழுகை வரும்போல இருக்கும். வீட்டில் மனைவியிடம் எரிந்து விழுவேன்.

மூன்று வாரம் தாங்கினேன். ஒரு திங்கட்கிழமை காலை, பூட்டியிருந்த மேஜை இழுப்பறையைத் திறந்து பத்திரத்தை எடுத்து, ஏழு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை படிக்கவில்லை. போட்டு முடித்ததும் நெஞ்சு லேசானது. ஏன் இத்தனை நாள் போடவில்லை என்று எனக்கே விளங்கவில்லை. அவன் ஒரு வேனின் பக்கவாட்டைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, இந்தா. போட்டுட்டேன். நாளைக்கே இடத்துக்காரரப் பாத்துடலாம்" என்றேன்.

அவன் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு வாங்கினான். சந்தோஷப்படுவான், "அப்பாடா" என்பான் என்று நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான். விரலை வைத்து, வரி வரியாக. இரண்டாம் பக்கம் போய்விட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்தான். மின்சாரக்காரன் கொடுக்கும் ரசீதைக்கூடப் படிக்காமல் மடித்துப் பையில் போட்டுக்கொள்கிறவன் அவன். அவன் அப்படி ஒரு காகிதத்தைப் படித்து நான் பார்த்ததே இல்லை.

"இன்னாடா பாக்கற?"

"சும்மா மாமா." இன்னொரு பக்கம் திருப்பினான். அப்புறம் தலையை நிமிர்த்தாமலே, "ஒண்ணு கேக்கட்டுமா? மூணு வாரமா கேக்கணும்னு இருக்கேன்" என்றான்.

"கேளுடா."

"நான் பாய்ன்னுதான் காந்தம் வெச்சிப் பாத்தியா? உங்காளு எவனாவது என் இடத்துல இருந்தா வெச்சிருப்பியா?"

"டேய்! இன்னா பேச்சு பேசற நீ? என் கூடப்பொறந்த தம்பி அளந்து குடுத்த நெல்லயே திரும்ப அளந்தவன்டா நான். என் பொண்டாட்டியக் கேளு, ஊரக் கேளு. எவனா இருந்தாலும் வெச்சிருப்பேன்டா. என் புத்தி அது, பாழாப்போன புத்தி. அதுக்காகன்னு மட்டும் சொல்லாத. சத்தியமா இல்லடா. இந்த மலை சாட்சியா இல்ல!"

மலை இருக்கும் திசையில் கையை நீட்டிச் சொன்னேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு முழு உண்மையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவன் மலையைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். பத்திரம் அவன் கையில் ஈரமாகிக்கொண்டிருந்தது.

"எப்படி மாமா நம்பறது?" என்றான்.

கோபத்தில் கேட்கவில்லை. வழி தெரியாமல், தெரிந்தால் சொல்லேன் என்பதுபோலத்தான் கேட்டான். நானும் அவனும் அந்த வேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தோம்.